டெஸ்ட் பாஸானதா, பாதியில் செத்ததா? சோதனை முடிவுக்கான பொது வடிவமும் அதன் ஆவணமும்

நிரல் மாறும்போதெல்லாம் சோதனைகளைத் தானாக ஓட்டும் அமைப்புக்கு சிஐ என்று பெயர். அந்த சிஐ பக்கத்தில் பச்சை டிக் தெரிகிறது. உள்ளே போய்ப் பார்த்தால் டெஸ்ட்டுகளில் பாதி ஓடவே இல்லை. மென்பொருள் வேலையில் இருப்பவர்கள் இந்தக் கூத்தை ஒரு முறையாவது பார்த்திருப்பார்கள். வழக்கமாகப் பழி டெஸ்ட் எழுதியவர் மீது விழும், இல்லாவிட்டால் சிஐ சர்வர் மீது விழும். ஆனால் பல நேரங்களில் கோளாறு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. டெஸ்ட் எந்த வடிவத்தில் முடிவைச் சொல்கிறது, படிக்கும் நிரல் அதை எப்படிப் புரிந்துகொள்கிறது என்பதை யாரும் தெளிவாக எழுதிவைத்திருக்க மாட்டார்கள்.

இந்தக் கட்டுரை அந்த நடுப்பகுதியைப் பற்றியது. டேப் என்ற பழைய வடிவத்தையும், ஜேயூனிட் எக்ஸ்எம்எல் என்ற பரவலான வடிவத்தையும் எடுத்துக்கொண்டு, ஆவணம் இருந்தால் என்ன ஆகிறது, இல்லாவிட்டால் என்ன ஆகிறது என்று பார்க்கலாம்.

## எழுதுபவர் ஒருவர், படிப்பவர் வேறொருவர்

தானியங்கி சோதனை என்றால், ஒரு நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க இன்னொரு நிரலை எழுதி ஓட்டுவது. இதில் இரண்டு தரப்பு உண்டு.

1. டெஸ்ட் ஸ்கிரிப்ட். சோதனையை நடத்தி முடிவை அச்சிடும்.
2. ஹார்னஸ். ஸ்கிரிப்ட்டுகளை ஒவ்வொன்றாக ஓட்டி, அவை அச்சிட்டதைப் படித்து, மொத்தத் தீர்ப்பைச் சொல்லும். இதற்குள் வரிகளைப் பிரித்துப் படிக்கும் பகுதிக்கு பார்சர் என்று பெயர்.

இரண்டையும் ஒரே குழு ஒரே மொழியில் எழுதியிருந்தால் வடிவம் எப்படி இருந்தாலும் பிரச்சினை இல்லை. ஸ்கிரிப்ட் பேஷிலும் ஹார்னஸ் பெர்லிலும் சிஐ ஜாவாவிலும் இருக்கும்போதுதான் சிக்கல். எழுதியவர் படிப்பவரைச் சந்தித்ததே இல்லை. இவர்களுக்குள் இருக்கும் ஒரே பேச்சுவார்த்தை அந்த அவுட்புட்தான்.

## பெர்லோடு பிறந்த வடிவம்

லாரி வால் பெர்ல் மொழியின் முதல் பதிப்பை 1987 டிசம்பரில் வெளியிட்டார். அதோடு சோதனை ஸ்கிரிப்ட்டுகளும் வந்தன. அவை சோதித்தது பெர்லையே. கூட்டல், ஒப்பீடு, நிபந்தனை ஆகியவையே சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்க்கும் இடத்தில் பெரிய லைப்ரரிகளை நம்ப முடியாது. நம்பக்கூடியது ஒன்றுதான்: ஒரு வரியை அச்சிடுவது. அதனால் வடிவமும் அந்த அளவுக்கே எளிமையாக இருந்தது.

நான்கு சோதனைகள் உள்ள ஸ்கிரிப்ட் இப்படி அச்சிடும். உண்மையில் இது ஆங்கில எழுத்தில் வரும். வாசிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் தருகிறேன்.

1..4
ஓகே 1 - கணக்கு திறக்கிறது
ஓகே 2 - தவறான கடவுச்சொல் ஏற்கப்படவில்லை
நாட் ஓகே 3 - வட்டி சரியாகக் கணக்கிடப்படுகிறது
ஓகே 4 - கணக்கு மூடுகிறது

வரியின் தொடக்கத்தில் ஓகே அல்லது நாட் ஓகே. பிறகு எண், பிறகு விருப்பமிருந்தால் விளக்கம். முதல் வரி எத்தனை சோதனை என்று சொல்கிறது. அவ்வளவுதான்.

பல ஆண்டுகள் இதற்குத் தனிப் பெயரே கிடையாது. பெர்லின் ஹார்னஸ் மாட்யூலின் உதவிப் பக்கத்தில் ஒரு பத்தியாக இருந்தது. 2000-களில்தான் இது தனி ஆவணமாகப் பிரிந்து, டெஸ்ட் எனிதிங் ப்ரோட்டோகால் என்று பெயர் பெற்றது, சுருக்கமாக டேப். இன்று நிரலின் பதிப்புகளைக் காக்கும் கிட், டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸ் ஆகியவற்றின் சோதனைகளும், பேஷ் ஸ்கிரிப்ட்டுகளைச் சோதிக்கும் பேட்ஸும் இதே வடிவத்தில் பேசுகின்றன. பெர்ல் எழுதுவோர் குறைந்த பிறகும் வடிவம் பிழைத்திருக்கிறது.

## '1..4' என்ன சாதிக்கிறது?

முழு டேப் வடிவத்திலும் ஒரே ஒரு வரியை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். இதற்கு ப்ளான் என்று பெயர்.

ஸ்கிரிப்ட் இரண்டாவது சோதனைக்குப் பிறகு செத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சானது இரண்டு ஓகே. நாட் ஓகே எங்குமே இல்லை. தோல்வி வரிகளை மட்டும் தேடும் ஹார்னஸ் இதற்குப் பச்சைக்கொடி காட்டும். ப்ளான் இருந்தால் அந்த வாய்ப்பில்லை: நான்கு என்று சொன்னாய், இரண்டுதான் வந்தது, எனவே தோல்வி. தேர்வு அறையில் வந்திருக்கும் விடைத்தாள்களை வருகைப் பதிவோடு எண்ணிப் பார்ப்பது போலத்தான். தாளில் இருக்கும் மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன் தாள் எல்லாம் வந்ததா என்று பார்க்க வேண்டும்.

ப்ளான் முதல் வரியாகவும் வரலாம், கடைசி வரியாகவும் வரலாம் என்று ஆவணம் அனுமதிக்கிறது, நடுவில் வரக்கூடாது. கடைசியில் வரலாம் என்ற சலுகைக்குக் காரணம் உண்டு. கோப்புறையில் இருக்கும் ஒவ்வொரு கோப்பையும் சோதிக்கும் ஸ்கிரிப்ட்டுக்கு, முன்கூட்டியே எண்ணிக்கை தெரியாது. ஓடி முடித்த பிறகு எண்ணிக்கையைச் சொல்லும். நடுவில் செத்தால் ப்ளான் வரியே வராது. ப்ளான் இல்லை என்பதே தோல்வியாகக் கணக்கில் வரும். அதாவது எந்தப் பக்கம் வைத்தாலும், அமைதியாகச் செத்துப்போன ஸ்கிரிப்ட் பிடிபடும்.

'1..0' என்றும் ஒரு ப்ளான் உண்டு. இந்த ஸ்கிரிப்ட் இங்கே பொருந்தாது, முழுவதையும் தாண்டிப் போ என்று அர்த்தம். விண்டோஸில் மட்டும் ஓட வேண்டிய ஸ்கிரிப்ட் லினக்ஸில் இதை அச்சிடும். ஒன்றும் ஓடவில்லை என்பதையும் வேண்டுமென்றேதான் ஓடவில்லை என்பதையும் ஆவணம் வேறு வேறாகப் பிரித்துவைத்திருக்கிறது.

## எக்ஸிட் கோடு போதாதா?

போதாது. ஒரு நிரல் முடியும்போது இயங்குதளத்துக்கு ஓர் எண்ணைத் திருப்பித் தரும். 0 என்றால் வெற்றி, வேறு எண் என்றால் கோளாறு. ப்ளான் எதற்கு, இந்த எண்ணைப் பார்த்தால் ஆகாதா என்று கேட்கலாம்.

பிரச்சினை பைப்பில் இருக்கிறது. டெஸ்ட்டின் அவுட்புட்டை அழகாக வண்ணத்தில் காட்ட, அதை இன்னொரு நிரலுக்குள் செலுத்துவது வழக்கம். ஷெல்லில் இப்படி இரண்டு நிரல்களைப் பைப்பால் இணைத்தால், சாதாரணமாகக் கிடைப்பது கடைசி நிரலின் எக்ஸிட் கோடு. டெஸ்ட் 255 என்று அலறிச் செத்திருக்கும். வண்ணம் பூசும் நிரல் தன் வேலையை முடித்துவிட்டு 0 தரும். சிஐக்குத் தெரிவது அந்த 0 மட்டும்தான். பேஷில் பைப்ஃபெய்ல் என்ற அமைப்பைப் போட்டால் இது சரியாகும், ஆனால் அதைப் போட மறந்த ஸ்கிரிப்ட்டுகள்தான் ஊரெல்லாம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. நான்கு சோதனையும் ஓகே, ப்ளானும் பொருந்துகிறது, ஆனால் கடைசியில் தற்காலிகக் கோப்புகளை அழிக்கும்போது ஸ்கிரிப்ட் விழுந்துவிட்டது. அவுட்புட் சுத்தமாக இருக்கிறது. எக்ஸிட் கோடு மட்டும் 0 இல்லை. பெர்லின் ஹார்னஸ் இதை 'சந்தேகத்துக்குரியது' என்று குறித்து, தோல்வியாகவே கணக்கிடும். இரண்டு சாட்சிகளையும் விசாரித்து, ஒருவர் மறுத்தாலும் நம்பக்கூடாது என்பது அதன் நிலைப்பாடு. சரியான நிலைப்பாடுதான்.

## புரியாத வரியை என்ன செய்வது?

டெஸ்ட் ஓடும்போது அந்த மென்பொருளே ஏதாவது அச்சிடும். டேட்டாபேஸ் எச்சரிக்கை வரும், டீபக் வரிகள் வரும். டேப்பின் 13-ஆம் பதிப்பு ஆவணம் இதற்கு ஒரு தெளிவான விதி வைத்தது: ப்ளான், சோதனை வரி, குறிப்பு என எந்த வகையிலும் சேராத வரியைப் பிழையாகக் கருதக்கூடாது. ஸ்டாண்டர்ட் அவுட்புட்டை மட்டும் படி, பிழைச் செய்திகளுக்கான ஸ்டாண்டர்ட் எர்ரர் வழியாக வருவதைத் தொடாதே என்பது இன்னொரு விதி.

முதல் விதி பார்க்கச் சின்னதுதான். ஆனால் பின்னால் பெரிய உதவி செய்தது அதுதான். பெர்ல் உலகில் ஒரு சோதனைக்குள் உட்சோதனைகளைக் கூட்டமாக வைக்கும் பழக்கம் வந்தது. உள்ளே இருப்பவை நான்கு இடைவெளி தள்ளி அச்சாகும். முடிவில் வெளி மட்டத்தில் ஒரே ஓகே வரி வரும். இதைப் பற்றி எதுவுமே தெரியாத பழைய பார்சர், தள்ளி அச்சான வரிகளைப் புரியாத வரிகள் என்று விட்டுவிடும். வெளி வரியை மட்டும் எண்ணும். எண்ணிக்கை பொருந்தும், தீர்ப்பும் சரியாக வரும். பழைய பார்சர் எதையும் மாற்றாமலே புதிய வசதி உள்ளே வந்துவிட்டது.

எல்லா இடத்திலும் அதிர்ஷ்டம் இப்படி அமையவில்லை. டேப்பில் # குறிக்குப் பின் ஸ்கிப் அல்லது டூடூ என்று வந்தால் அது சிறப்புக் குறிப்பு. ஸ்கிப் என்றால் ஓட்டவில்லை. டூடூ என்றால் இன்னும் வேலை முடியவில்லை, தோற்றாலும் தோல்வியாக எண்ணாதே என்று அர்த்தம். இப்போது இந்த வரியைப் பாருங்கள்:

நாட் ஓகே 7 - பதிவின் கீழ் #டூடூ குறிச்சொல் தெரிகிறது

சோதனை எழுதியவர் மனதில் இருந்தது ஒரு ஹேஷ்டேக். பெர்லின் பார்சருக்குத் தெரிவது மன்னிப்புச் சீட்டு. தோற்ற சோதனை தோல்விக் கணக்கிலிருந்து வெளியேறிவிடும். விளக்கத்துக்குள் # வர வேண்டுமானால் அதற்கு முன் பின்சாய்வுக் கோடு போட வேண்டும் என்பதை 2022-இல் வந்த டேப் 14 ஆவணம் எழுத்தில் வைத்தது. பெர்லின் பார்சர் இதை ஏற்கெனவே செய்துகொண்டிருந்தது. ஆனால் ஆவணத்தில் வருவதற்கு முன் இன்னொரு மொழியில் பார்சர் எழுதியவருக்கு இந்த விவரம் எப்படித் தெரியும்? பெர்லின் மூல நிரலைத் துருவினால்தான் தெரியும்.

டேப் 14 எழுதியவர்கள் தங்கள் வேலையை இதே அளவோடுதான் வைத்துக்கொண்டார்கள். புதிதாக எதையும் கண்டுபிடிக்காமல், ஏற்கெனவே பரவலாக நடப்பதை ஆவணப்படுத்துவதே அதன் நோக்கம். உட்சோதனை பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த பிறகுதான் ஆவணத்துக்குள் நுழைந்தது.

## ஆவணம் இல்லாமல் பரவிய வடிவம்

ஜேயூனிட் எக்ஸ்எம்எல் வேறு வழியில் வந்தது. இது ஜேயூனிட் குழு வகுத்த தரம் அல்ல. அப்பாச்சி ஆன்ட் என்ற பில்ட் கருவி, ஜாவா டெஸ்ட் முடிவுகளை எக்ஸ்எம்எல் கோப்பாக எழுதியது. ஜென்கின்ஸ் போன்ற சிஐ கருவிகள் அதைப் படிக்கத் தொடங்கின. அப்புறம் பைதான், ஜாவாஸ்கிரிப்ட், கோ என எல்லா மொழிக் கருவிகளும், ஜென்கின்ஸ் படித்தால் போதும் என்று அதே மாதிரி எழுதின. எல்லோரும் ஒப்புக்கொண்ட அதிகாரபூர்வ வரையறை என்று எதுவும் இல்லை. எந்தப் புலம் எங்கே வரலாம் என்று சொல்லும் ஸ்கீமா கோப்பு ஒன்றை ஒவ்வொருவரும் வைத்திருக்கிறார்கள். அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

இதன் விளைவுகளை மூன்று இடங்களில் கிட்ட இருந்து பார்க்கலாம்.

1. நேரம். ஒவ்வொரு சோதனைக்கும் எத்தனை விநாடி ஆனது என்று ஒரு புலம் உண்டு. ஆயிரம் விநாடியைத் தாண்டினால் சில கருவிகள் '1,005.12' என்று நடுவில் காற்புள்ளி போட்டு எழுதின. மனிதருக்கு அது வசதி. எண்ணாக மாற்றும் நிரலுக்கு அது குப்பை. ஜென்கின்ஸ் இன்றும் காற்புள்ளியை நீக்கிவிட்டுத்தான் எண்ணைப் படிக்கிறது. காற்புள்ளி கூடாது என்று ஒரே ஒரு வரி எங்காவது எழுதப்பட்டிருந்தால் இந்தத் திருத்தமே தேவைப்பட்டிருக்காது.

2. வண்ணம். டெர்மினலில் சிவப்பு எழுத்து காட்ட எஸ்கேப் என்ற கட்டுப்பாட்டு எழுத்து பயன்படுகிறது. எக்ஸ்எம்எல் 1.0-இல் அந்த எழுத்துக்கு இடமே இல்லை. தோல்விச் செய்தியில் வண்ணம் இருந்தால், அதை அப்படியே எழுதும் கருவியின் கோப்பு முழுவதும் செல்லாததாகிவிடும். ஒரு சோதனையின் அலங்காரத்தால் மற்ற எல்லாச் சோதனைகளின் முடிவும் தொலையும். பைதானின் டெஸ்ட் கருவியான பைடெஸ்ட் இதை முன்பே உணர்ந்து, அந்த எழுத்துக்குப் பதிலாக அதன் எண்ணை வெறும் உரையாக எழுதுகிறது.

3. கோப்பின் பெயர். பைடெஸ்ட் இரண்டு வகையில் எழுதும்: எக்ஸ்யூனிட்1, எக்ஸ்யூனிட்2. 2020-இல் வந்த 6.0 பதிப்பில் இயல்பு வகை இரண்டாவதாக மாறியது. முதல் வகையில் ஒவ்வொரு சோதனையும் எந்தக் கோப்பில், எந்த வரியில் இருக்கிறது என்ற தகவல் உண்டு, இரண்டாவதில் இல்லை. அந்தத் தகவலை நம்பி டெஸ்ட்டுகளைப் பல இயந்திரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் அமைப்பை வைத்திருந்தவர்கள், பழைய வகையைக் கேட்டு அமைப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டியதாயிற்று. தவறு யாருடையது? அந்தப் புலம் கட்டாயமானதா, விருப்பத்துக்குரியதா என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. அதனால் யாரையும் குற்றம் சொல்லவும் முடியாது.

இதைவிட அடிப்படையான வித்தியாசம் ஒன்று இருக்கிறது. டேப் ஓடும் நீர். ஒவ்வொரு வரியும் அப்போதே வெளியே போய்விடும். ஜேயூனிட் எக்ஸ்எம்எல் பெரும்பாலும் கடைசியில்தான் கோப்பாக எழுதப்படுகிறது. மெமரி தீர்ந்து இயங்குதளம் டெஸ்ட்டைக் கொன்றால் கோப்பே இருக்காது. அதைவிட மோசம், நேற்றைய கோப்பு அதே இடத்தில் பச்சையாக உட்கார்ந்திருக்கும். இதற்காகவே ஜென்கின்ஸ் கோப்பின் நேரத்தைப் பார்க்கிறது. இந்த பில்ட் தொடங்குவதற்கு முன் எழுதப்பட்டதாக இருந்தால், ரிப்போர்ட் இருக்கிறது ஆனால் எதுவும் புதிதல்ல என்று மறுத்துவிடும். வடிவத்தில் ப்ளான் இல்லாத குறையை, படிப்பவர் கோப்பு நேரத்தை வைத்துச் சமாளிக்கிறார்.

சரி, அப்படியானால் ஜேயூனிட் எக்ஸ்எம்எல் மோசமான வடிவமா? இல்லை. சோதனைக்கு எடுத்த நேரம், எதிர்பார்த்த சரிபார்ப்பில் தோற்றதா அல்லது எதிர்பாராத எக்ஸெப்ஷனா என்ற பிரிவு எல்லாம் அதில் ஒழுங்காக இருக்கின்றன. டேப்பில் இவற்றுக்கு, சோதனை வரிக்குக் கீழே, யாமல் என்ற தரவு வடிவத்தில் எழுதிய ஒரு பெட்டி வைக்க வேண்டும். அதற்குள் எந்தப் புலம் இருக்க வேண்டும் என்பதில் இன்னும் கட்டாயம் எதுவும் இல்லை.

## ஆவணம் எழுத உட்காருபவருக்கு

நிறுவனத்துக்குள் சொந்த வடிவம் வைத்திருக்கும் குழுக்கள் ஏராளம். அதை எழுத்தில் வைக்கும்போது பெரும்பாலும் முதல் பக்கத்தில் சரியான அவுட்புட்டின் மாதிரி ஒன்று இருக்கும், அதோடு ஆவணம் முடிந்துவிடும். சரியான அவுட்புட்டைப் புரிந்துகொள்ள ஆவணமே தேவையில்லை, பார்த்தாலே தெரியும். கீழே இருப்பவற்றுக்குத்தான் ஆவணம் வேண்டும்.

1. ஒன்றும் வராவிட்டால் என்ன? வெற்று அவுட்புட், பாதியில் நின்ற அவுட்புட், எண்ணிக்கை பொருந்தாத அவுட்புட் மூன்றுக்கும் தீர்ப்பு என்ன என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். மற்ற எல்லாவற்றையும் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

2. தீர்ப்பை யார் சொல்வது? அவுட்புட்டும் எக்ஸிட் கோடும் முரண்பட்டால் எது வெல்லும்? டூடூ என்று குறித்த சோதனை திடீரென்று பாஸானால் அதைச் சும்மா விடுவதா, சுட்டிக்காட்டுவதா?

3. எழுதுபவருக்கான விதியும் படிப்பவருக்கான விதியும் தனித்தனியே. 'எண் விருப்பத்துக்குரியது' என்று மொட்டையாக எழுதினால் பாதி வேலைதான் முடிந்தது. டேப்பில் எழுதுபவர் எண்ணை விட்டுவிடலாம். அப்போது படிப்பவர் தானே எண்ணிக்கொள்ள வேண்டும். இரண்டாவது பாதியை எழுதாமல் விட்ட ஆவணங்களே அதிகம்.

4. பதிப்பு எண். முதல் பதிப்பிலேயே வேண்டும். டேப் இதைத் தாமதமாகத்தான் சேர்த்தது: பதிப்பைச் சொல்லும் வரி 13-இல்தான் வந்தது, அதற்குக் கீழான எண்ணை எழுதினால் பெர்லின் பார்சர் பிழை என்கிறது. பதிப்பு வரி இல்லாதது எல்லாம் பழையது என்று ஊகிப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

5. மனிதருக்கு வேறு, இயந்திரத்துக்கு வேறு. ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் தளமான நோட் ஜேஎஸ் 2022-இல் 18-ஆம் பதிப்பில் தனக்கென்று டெஸ்ட் ரன்னர் கொண்டுவந்தபோது இயல்பு அவுட்புட் டேப்தான். டெர்மினலில் அதை வெறும் கண்ணால் படிப்பது சுகமில்லை. பிறகு டெர்மினலில் மட்டும் ஸ்பெக் என்ற அழகான வடிவம் வந்தது. 23-ஆம் பதிப்பில் பைப் வழியே போகும்போதும் அதுவே இயல்பானது. டேப் வேண்டுமானால் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்காமல், இயல்பு வடிவத்தை நம்பிப் பைப் போட்டிருந்த ஸ்கிரிப்ட்டுகளுக்கு இது உடைப்பு. இயந்திரம் படிக்கப்போகிறது என்றால் வடிவத்தின் பெயரைச் சொல்லியே கேளுங்கள் என்று ஆவணத்தின் தொடக்கத்திலேயே எழுதிவிடலாம்.

6. கெட்ட மாதிரிகள். நடுவில் ப்ளான் வந்த கோப்பு, ஒரே எண் இரண்டு முறை வந்த கோப்பு, விளக்கத்தில் # வந்த கோப்பு எனச் சின்னச் சின்னக் கோப்புகளை, ஒவ்வொன்றுக்கும் எதிர்பார்க்கும் தீர்ப்போடு ஆவணத்துடன் சேர்த்துக் கொடுக்க வேண்டும். புதிதாக பார்சர் எழுதுபவர் பத்திகளை ஓட்டமாகத்தான் படிப்பார். கோப்புகளை ஓட்டிப் பார்ப்பார்.

## தரத்திலிருந்து விலகலாமா?

விலகலாம். விலகியதை எழுதிவைக்க வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை எழுதுபவர்கள் செய்தது அதைத்தான்.

கெர்னலுக்குள் கேசெல்ஃப்டெஸ்ட், கேயூனிட் என்று இரண்டு சோதனை அமைப்புகள் உண்டு. இரண்டும் டேப் போன்ற ஒன்றைத்தான் அச்சிட்டன, ஆனால் ஆளுக்கொரு விதமாக. பிறகு கேடேப் என்று தனி வரையறை எழுதி, கெர்னல் ஆவணங்களோடு வைத்தார்கள். அதன் உட்சோதனைகள் நான்குக்குப் பதில் இரண்டு இடைவெளி தள்ளி வரும். டூடூவை ஊக்குவிப்பதில்லை. யாமல் பெட்டியைத் தவிர்க்கச் சொல்கிறது. புரியாத வரிகளுக்கு வெளிப்படையான அனுமதி உண்டு. கேயூனிட் போன்றவற்றின் முடிவுகள் கெர்னல் லாக் வழியாக வெளிவருகின்றன. டிரைவர்கள் நினைத்த நேரத்தில் அதே லாக்கில் தங்கள் செய்திகளை எழுதும். புரியாத வரியைப் பிழை என்று சொன்னால் அங்கே ஒரு டெஸ்ட் கூடத் தேறாது.

அந்த ஆவணத்தில் எனக்குப் பிடித்தது, டேப்போடு எங்கெங்கே வேறுபடுகிறோம் என்று ஓர் அட்டவணை வைத்திருப்பது. டேப் பார்சரைக் கொண்டுவந்து கெர்னல் அவுட்புட்டைப் படிக்க நினைப்பவர், முதலில் பார்க்க வேண்டியது அந்த அட்டவணையைத்தான். எந்த இடத்தில் தன் பார்சரைத் திருத்த வேண்டும் என்று சில நிமிடத்தில் அவருக்குத் தெரிந்துவிடும்.